மருந்துப் பையைத் திறந்து பார்ப்போம்

நாம் கற்பிக்கும் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு திங்கட்கிழமை வகுப்புக்கு வரவில்லை. மாலையில் லயத்திற்குச் சென்று விசாரித்தோம். அன்று விடியற்காலையில் அவனுடைய பாட்டி உடலெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிக் கிடந்தாராம். வாதம் என்று பயந்து மருத்துவமனைக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். வாதமன்று, இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்று அங்கே சொன்னார்களாம்.

பாட்டிக்கு இனிப்பு நீர். அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தார். மகள் வீட்டுக்குப் போன இடத்தில் வேறொரு மருத்துவரிடமும் காட்டினார். அவரும் மாத்திரை கொடுத்தார். இரண்டுக்கும் நிறம் வேறு, வேலை ஒன்றே. இரண்டையும் விழுங்கிவிட்டு, பசியில்லை என்று வெறும் தேநீரோடு படுத்துவிட்டார். முதல் மருந்தைப் பற்றி இரண்டாம் மருத்துவரிடம் அவர் வாய் திறக்கவில்லை. "கேட்டால் கோபிப்பாரோ என்று இருந்துவிட்டேன், வாத்தியாரையா" என்றார் பின்னர். நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார்.

மருந்து ஒவ்வொன்றும் தனித்தனியே நல்லதாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தவர் எவரும் இல்லாதபோதுதான் ஆபத்து பிறக்கிறது.

காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் நாம் விழுங்கும் பாரசிட்டமோலையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாத்திரை பெரும்பாலும் 500 மில்லிகிராம். பெரியவர்கள் 24 மணி நேரத்தில் 8 மாத்திரைக்கு மேல் சாப்பிடக் கூடாது. சளிக்கென்று கடையில் வாங்கும் பல மாத்திரைகளிலும் இதே மருந்து கலந்திருக்கிறது. தெரியாமல் இரண்டையும் சேர்த்தால் அளவு மீறும், கல்லீரல் கெடும்.

செம்பனைக் குலை தூக்கி இடுப்பு வலித்தால் வலி மாத்திரையைத் தேடுகிறோம். டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை வலியைத் தணிக்கும். ஆனால் வயிற்றில் புண் உண்டாக்கும். இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். இரத்த அழுத்த மருந்தும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் பழுதாகலாம். பெயர் வேறான இரண்டு வலி மாத்திரைகளை ஒன்றாக விழுங்கினால் தீமைதான் இரட்டிப்பாகும்.

இரவுச் சந்தையில் "மூட்டுவலி மூன்றே நாளில் பறந்துவிடும்" என்று விற்கும் பொட்டலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூலிகை என்று விற்கப்படும் இத்தகைய சில மருந்துகளில் ஸ்டீராய்டு இரகசியமாகக் கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது முகத்தை உப்ப வைக்கும்; சர்க்கரையை ஏற்றும். நெடுநாள் சாப்பிட்டு விட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்தின் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாததை வாங்காதீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? வீட்டிலுள்ள மாத்திரை, சிரப், நாட்டு மருந்து, சத்து மாத்திரை எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தப் பையோடு போங்கள். "ஐயா, இவ்வளவும் சாப்பிடுகிறேன், எது வேண்டும், எது வேண்டாம்?" என்று கேளுங்கள். கிளினிக்கில் மருந்து கொடுப்பவரிடமும் கேட்கலாம். கேட்பது குற்றமன்று. ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

இனிப்பு நீர் உள்ளவர் வியர்த்து நடுங்கினால், நினைவோடு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

பெற்றோருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமமாயிருந்தால் வீட்டுப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அந்த மாணவன் இப்போது பாட்டியின் மருந்துகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருக்கிறான். பள்ளியில் கற்ற எழுத்துக்கு இதைவிட நல்ல பயன் வேறென்ன வேண்டும்?