வாய்ச்சண்டையும் குத்துச்சண்டையும்

ஆட்டம் தொடங்கும் முன்பே சிலருக்கு வாய் தொடங்கிவிடும்.

"டேய், இன்னைக்கு உங்களுக்கு முட்டைதான்!"

"போடா! போன வாரம் யாரு தோத்தது? அதுக்குள்ள மறந்துட்டியா?"

பள்ளி மைதானத்தில் நீங்களும் இப்படிப் பேசியிருப்பீர்கள். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ பேசியிருக்கலாம். மொழி எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். எதிரணிக்காரரைச் சீண்டுவது, நம்மைப் பற்றி நாமே பெருமை அடிப்பது. இதற்குத் தமிழில் நிறையச் சொற்கள் உண்டு. கேலி, கிண்டல், நக்கல், சீண்டல் என்று சொல்லிக்கொண்டே போகலாம். யாழ்ப்பாணத்தில் பகிடி என்பார்கள். செயலில் காட்டாமல் பேச்சிலேயே வீரம் காட்டினால் அது வாய்ச்சவடால். கிரிக்கெட்டில் எதிரணியைப் பேச்சால் சீண்டுவதற்கு ஸ்லெட்ஜிங் என்று தனிப் பெயரே இருக்கிறது.

நம்முடைய சடுகுடுவில் இது ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. எதிரணியின் பக்கம் போகிறவர் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போக வேண்டும். அந்தப் பாட்டுகளில் பல, தன் வீரத்தைச் சொல்லிச் சவால் விடும் பாட்டுகள். உங்கள் தாத்தாவுக்கோ அம்மம்மாவுக்கோ ஒன்றிரண்டு பாட்டு நினைவிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். இப்போது பெரிய போட்டிகளில் 'கபடி, கபடி' என்று மட்டும்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, வாய்ச்சவடால் நல்லதா, கெட்டதா? முதலில் சிரிப்பு வரும் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் லாரி பேர்ட் என்ற கூடைப்பந்து வீரர் இருந்தார். பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக ஆடியவர். 1986-இல் டல்லாஸ் நகரில் ஒரு புதுப் போட்டி நடந்தது. தூரத்தில் போட்டிருக்கும் கோட்டுக்கு வெளியே நின்று பந்தைக் கூடைக்குள் போட வேண்டும். போட்டிக்கு முன்னால் வீரர்கள் எல்லோரும் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். பேர்ட் உள்ளே வந்தார். எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். இரண்டாவது இடம் யாருக்கு என்று மட்டும் நீங்கள் யோசித்தால் போதும் என்கிற மாதிரிப் பேசினார். முதல் இடம் தனக்குத்தான் என்று அர்த்தம்!

எவ்வளவு திமிர்! ஆனால் சொன்னபடியே அவர்தான் ஜெயித்தார். 1987-இலும் ஜெயித்தார். 1988-இல் கடைசிப் பந்தை வீசினார். பந்து இன்னும் காற்றில் இருந்தது. அதற்குள் ஒரு விரலை மேலே தூக்கிக் காட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார். பந்து கூடைக்குள் விழுந்தது.

பேர்ட் பேசியதெல்லாம் பந்தைப் பற்றியும் போட்டியைப் பற்றியும்தான். அவர் சொன்னது உண்மையா பொய்யா என்று கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பந்து வெளியே விழுந்திருந்தால் சிரிப்புக்கு ஆளாவது அவர்தான். அதனால் இந்தக் கதையை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

அடுத்த கதை அவ்வளவு சுலபமானது இல்லை.

முகமது அலியின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். உலகப் புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரர். 1942-இல் அமெரிக்காவில் லூயிவில் நகரில் பிறந்தார். அப்போது அவர் பெயர் கேசியஸ் கிளே. 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வாங்கினார். அதற்கு அடுத்த ஆண்டு ஒரு மல்யுத்த வீரரைச் சந்தித்தார். அந்த மல்யுத்த வீரர் எப்போதும் தன்னைத்தானே புகழ்ந்துகொள்வார். மக்களுக்கு எரிச்சல் வரும். 'இவன் தோற்பதைப் பார்த்தே ஆகணும்' என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்கள். அரங்கம் நிறைந்துவிடும்.

இளைஞர் கிளே இதைக் கவனித்தார். அடடா, பேசினால் கூட்டம் வருகிறதே! அதற்குப் பிறகு அவர் வாய் ஓயவே இல்லை. எதிரி எந்தச் சுற்றில் விழுவார் என்று முன்கூட்டியே சொல்வார். அதையும் பாட்டு மாதிரி எதுகை போட்டுச் சொல்வார். 1964-இல் சன்னி லிஸ்டன் என்ற உலக சாம்பியனுடன் மோதினார். லிஸ்டனைப் பார்த்தாலே பலருக்குப் பயம். கிளேயோ அவரை அசிங்கமான கரடி என்று கேலி செய்தார். கிளே தோற்றுவிடுவார் என்றுதான் பெரும்பாலான பத்திரிகைக்காரர்கள் நினைத்தார்கள். ஆறு சுற்றுகள் முடிந்தன. ஏழாவது சுற்றுக்கு லிஸ்டன் முக்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. 22 வயதில் கிளே உலக சாம்பியன் ஆனார். அந்த ஆண்டே தன் பெயரை முகமது அலி என்று மாற்றிக்கொண்டார்.

இன்னொருவர் ஜோ ஃப்ரேசியர். 1944-இல் தெற்குக் கரோலினாவில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிறகு ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து இறைச்சிக்கூடத்தில் வேலை செய்தார். அங்கே தொங்கும் பெரிய மாட்டிறைச்சித் துண்டுகளைக் குத்திக் குத்திப் பழகினார். ('ராக்கி' படத்தில் அப்படி ஒரு காட்சி வரும்.) 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அவரும் தங்கம் வாங்கினார். அரையிறுதியில் கட்டைவிரல் உடைந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லாமல் இறுதிப் போட்டியில் ஆடி ஜெயித்தார். அவர் அதிகம் பேசாதவர். பேசச் சொன்னாலும் அலி மாதிரி வார்த்தை வராது. அவருடைய இடது கைதான் பேசும்.

1967-இல் அலிக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. வியட்நாம் போருக்காக அமெரிக்க ராணுவத்தில் சேர அவர் மறுத்தார். அவருடைய பட்டத்தைப் பறித்தார்கள். சண்டை போடும் உரிமத்தையும் பறித்தார்கள். மூன்றரை ஆண்டுகள் அவரால் மேடை ஏற முடியவில்லை. அந்த நேரத்தில் ஃப்ரேசியர் சாம்பியன் ஆனார். அலிக்கு உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஃப்ரேசியர் பேசினார். அலிக்குப் பணமும் கொடுத்து உதவியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே காரில் பேசிச் சிரித்துக்கொண்டு போன நாள்களும் உண்டு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதற்குப் பிறகுதான் கதை திரும்புகிறது.

1971 மார்ச் 8. நியூயார்க்கில் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கம். இருவரும் அதுவரை ஒரு சண்டையிலும் தோற்றதில்லை. இருவருக்கும் ஆளுக்கு 25 லட்சம் டாலர் சம்பளம். சண்டைக்கு முன்னால் அலி வழக்கம்போல் பேசத் தொடங்கினார். ஆனால் இந்த முறை பேச்சு வேறு மாதிரி இருந்தது. ஃப்ரேசியர் அழகில்லாதவர், அறிவில்லாதவர் என்றார். வெள்ளைக்காரர்களுக்குத் தலையாட்டுகிறவர் என்றார். ஃப்ரேசியரும் அலியைப் போலக் கறுப்பினத்தவர்தான். சின்ன வயதில் தெற்கே நிறவெறியை நேரில் பார்த்து வளர்ந்தவர். கஷ்டகாலத்தில் தான் உதவிய நண்பரே ஊர் முழுக்க இப்படிப் பேசினால் எப்படி இருக்கும்?

ஃப்ரேசியரும் சும்மா இருக்கவில்லை. அலியை அவர் விரும்பிய பெயரால் கூப்பிட மறுத்தார். வேண்டுமென்றே 'கிளே, கிளே' என்றே சொன்னார். அலி தானே தேர்ந்தெடுத்த பெயர் அது. அதைச் சொல்ல மறுப்பதும் ஒரு அடிதான். உங்கள் பெயரை யாராவது வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சண்டை 15 சுற்றுகள் நடந்தது. கடைசிச் சுற்றில் ஃப்ரேசியர் இடது கையால் ஒரு குத்து விட்டார். அலி தரையில் விழுந்தார். உடனே எழுந்துவிட்டார், ஆனாலும் வெற்றி ஃப்ரேசியருக்குத்தான்.

மேடையில் ஜெயித்தாலும், அலி வைத்த பட்டப்பெயர்கள் ஃப்ரேசியரை விடவில்லை. அவருடைய பிள்ளைகளைப் பள்ளியில் கேலி செய்தார்கள். குத்துச்சண்டை வீரருக்கு அடி பழக்கம், பிள்ளைகளுக்குப் பழக்கமா?

1974 ஜனவரியில் இரண்டாவது சண்டைக்குச் சில நாள்கள் இருந்தன. இருவரும் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அலி மறுபடியும் 'அறிவில்லாதவர்' என்றார். ஃப்ரேசியர் எழுந்து நின்றார். கேமராவுக்கு முன்னாலேயே இருவரும் கட்டிப் புரண்டார்கள்! ஆளுக்கு 5,000 டாலர் அபராதம். அலி விளையாட்டாகவே தொடங்கினார், ஃப்ரேசியர் விளையாடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த இரண்டாவது சண்டையில் அலி ஜெயித்தார்.

மூன்றாவது சண்டை 1975 அக்டோபர் 1-ஆம் தேதி. இடம் பிலிப்பைன்ஸ், மணிலாவுக்குப் பக்கத்தில். இந்த முறை அலி ஃப்ரேசியரைக் கொரில்லா என்றார். கையில் ஒரு சின்ன ரப்பர் கொரில்லா பொம்மையை வைத்துக்கொண்டு, பத்திரிகைக்காரர்கள் முன்னால் அதைக் குத்திக் குத்திக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். கறுப்பின மக்களை அவமானப்படுத்த நிறவெறியர்கள் காலங்காலமாகச் சொல்லும் சொல் குரங்கு. அலிக்கு அது தெரியாதா? தெரியும். எதுகை நன்றாக வந்தது, டிக்கெட் விற்றது, சொல்லிவிட்டார்.

அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக அந்தச் சண்டையைக் காலையிலேயே வைத்தார்கள். அரங்கத்துக்குள் பயங்கர வெக்கை. 14 சுற்றுகள் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஃப்ரேசியரின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. எதிரே வரும் கை தெரியவில்லை. ஆனாலும், நான் போகிறேன் என்றுதான் சொன்னார். அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் விடவில்லை. 15-ஆவது சுற்றுக்கு முன்னால் சண்டையை நிறுத்திவிட்டார். ஒரு ஆட்டத்தைவிட ஒரு மனிதரின் உயிர் பெரியது என்று முடிவு செய்தவர் அவர்.

ஜெயித்த அலியும் எழுந்து நிற்க முடியாமல் சாய்ந்துவிட்டார். சாவுக்கு இவ்வளவு பக்கத்தில் தான் போனதே இல்லை என்று பின்னால் சொன்னார். ஃப்ரேசியரையும் புகழ்ந்தார். எப்படித் தெரியுமா? தனக்கு அடுத்தபடியாக உலகிலேயே சிறந்த வீரர் ஃப்ரேசியர்தானாம்! புகழும்போதுகூட முதல் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை, பாருங்கள்.

அன்று அலி இன்னொன்றும் செய்தார். ஃப்ரேசியரின் மகன் மார்விஸை அழைத்தார். உன் அப்பாவைப் பற்றிச் சொன்னதற்கு வருந்துகிறேன் என்றார். மார்விஸுக்கு அப்போது 15 வயது. அவர் போய் அப்பாவிடம் சொன்னார். ஃப்ரேசியர் என்ன சொன்னார்? "அதை அவர் என்கிட்ட இல்ல சொல்லணும்!" என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. திட்டியது உலகத்தின் முன்னால், மன்னிப்பு மட்டும் மகனிடம் ரகசியமாக என்றால் எப்படி?

பிறகு பல ஆண்டுகள் ஓடின. அலிக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. கை நடுங்கியது, பேச்சு குறைந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையால் அவர் தீபம் ஏற்றியதைப் பார்த்துப் பலர் கண்கலங்கினார்கள். ஃப்ரேசியரோ, அவர் அந்தத் தீயிலேயே விழுந்திருக்கலாம் என்று சொன்னார். சண்டை முடிந்து 21 ஆண்டுகள் ஆன பிறகும் அவர் மனம் ஆறவில்லை. மோசமான பேச்சுதான், நான் அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

2001-இல் அலி ஒரு பத்திரிகையில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். சொல்லக்கூடாத பெயர்களைச் சொல்லிவிட்டேன், சண்டைக்கு விளம்பரம் தேடத்தான் அப்படிப் பேசினேன் என்றார். அதை ஏற்றுக்கொள்வதாக ஃப்ரேசியர் சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் பிறகு சொன்னார். பழைய காயம் சில நாள் ஆறும், சில நாள் மறுபடி வலிக்கும். அதே ஆண்டில் இருவருடைய மகள்களும் மேடையில் மோதினார்கள். லைலா அலி, ஜாக்கி ஃப்ரேசியர்-லைடு. எட்டுச் சுற்றுகள் சண்டை போட்டு லைலா ஜெயித்தார். அப்பாக்களைப் போல மகள்களும் விட்டுக்கொடுக்கிற ஆள்கள் இல்லை.

2011 நவம்பரில் ஜோ ஃப்ரேசியர் புற்றுநோயால் இறந்தார். ஃபிலடெல்ஃபியாவில் ஒரு தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. நோயாளியான அலியும் கறுப்புக் கண்ணாடி அணிந்து வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் ஓயாமல் பேசியவர் அவர். இப்போது பேச்சு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. ஜோவுக்காக எல்லோரும் எழுந்து ஒருமுறை கைதட்டுங்கள் என்று மேடையில் இருந்தவர் கேட்டார்.

அலிக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அவர் எழுந்திருக்க உதவினார்கள். அவர் நின்றுகொண்டு, பலமாகக் கைதட்டினார்.