உங்களுக்குத் தெரியுமா? சமையலறை மேசையில் தைத்த இதயம்

1902 செப்டம்பர். அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் நெஞ்சில் கத்திக்குத்துப்பட்டுக் கிடந்தான். பல மணி நேரம் கழித்தே டாக்டர் லூதர் ஹில் அழைக்கப்பட்டார். வீட்டுச் சமையலறை மேசையில் அவனைக் கிடத்தி, குளோரோஃபார்ம் கொடுத்து, எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் நெஞ்சைத் திறந்து, இதயத்தின் இடது கீழறையில் இருந்த காயத்தைத் தைத்தார் ஹில். பையன் பிழைத்துக்கொண்டான்! அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. உலகின் முதல் வெற்றி, ஜெர்மனியில் 1896-இல் லுட்விக் ரென் செய்தது.

இத்தகைய காயத்தில் ரத்தம் வெளியே கொட்டாமலும் உயிர் போகலாம். இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் தேங்கினால், இதயம் விரிய இடமின்றி நசுங்கும். குழந்தைகளுக்கு அந்த உறை சிறியது. சிறிதளவு ரத்தமே ஆபத்து. போதாக்குறைக்கு, அவர்களுடைய ரத்த அழுத்தம் வெகுநேரம் சரியாக இருப்பதுபோல் காட்டிவிட்டுச் சட்டென்று விழுந்துவிடும். அதனால்தான் அவசரப் பிரிவில் உடனே அல்ட்ராசவுண்ட் கருவியை நெஞ்சில் வைத்துப் பார்க்கிறார்கள். ஊசியால் ரத்தத்தை உறிஞ்சுவது சற்று அவகாசம் தரும், அவ்வளவுதான். காயத்தைத் தைத்தே ஆக வேண்டும்.

நெஞ்சில் கத்தியோ கம்பியோ குத்தி நின்றால், தயவுசெய்து பிடுங்காதீர்கள். ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அதுவாக இருக்கலாம். அசையாமல் பிடித்து, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள்.