மனக்கணக்கில் நழுவும் ஒன்று

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவுக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு எந்தச் சிகிச்சை கைகொடுக்கும்? இதை அறிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 579 குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வுதான் எம்.டி.ஏ. எல்லோரும் ஏழிலிருந்து பத்து வயதுக்குள். சிகிச்சைக் காலம் 14 மாதங்கள். 1999இல் வெளியான முடிவு மருந்தின் பக்கம் சாய்ந்தது. கவனக்குறைவைக் குறைப்பதில், நன்கு கண்காணித்துக் கொடுத்த மருந்து நடத்தைப் பயிற்சியை முந்தியிருந்தது.

வியப்பு அதற்குப் பின்னால் இருந்தது. அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பதற்ற நோயும் இருந்தது. முரண்டும் அடாவடியும் இல்லாமல், பதற்றம் மட்டும் சேர்ந்திருந்த பிள்ளைகளைத் தனியே பார்த்தபோது, நடத்தைப் பயிற்சி மருந்துக்கு ஈடுகொடுத்திருந்தது!

அப்படி என்ன பயிற்சி? பெற்றோருக்கு வகுப்புகள், எட்டு வாரக் கோடை முகாம், பள்ளியிலிருந்து தினமும் வீட்டுக்கு வரும் ஓர் அட்டை. சொன்ன வேலையை முடித்தானா என்று ஆசிரியர் அதில் குறித்து அனுப்புவார். முடித்திருந்தால் வீட்டில் பாராட்டோ பரிசோ உண்டு. தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பயந்த மனசுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பயம் எப்படிக் கவனத்தைக் கெடுக்கிறது? 37ஐயும் 48ஐயும் மனக்கணக்காகக் கூட்டிப் பாருங்கள். ஏழும் எட்டும் பதினைந்து. ஐந்து போக மீதி ஒன்றைச் சில நொடிகள் நினைவில் பிடித்துவைக்க வேண்டும். அந்தத் தற்காலிக நினைவில் இடம் மிகக் குறைவு. ‘தப்பானால் எல்லோரும் சிரிப்பார்களோ’ என்ற எண்ணம் அங்கே புகுந்தால், அந்த ஒன்று நழுவிவிடும். விடை 75 என்று வரும். பார்ப்பவர்களுக்கு அது கவனக்குறைவுதான்.

ஆகவே எப்போது தொடங்கியது, எங்கெல்லாம் தெரிகிறது என்று நிதானமாக விசாரிப்பது முக்கியம். ஏ.டி.எச்.டி. சிறு வயதிலேயே தொடங்கி, வீடு, பள்ளி என்று பல இடங்களிலும் தெரியும். பதற்றமோ பெரும்பாலும் பரீட்சை, மேடை, அம்மாவைப் பிரிவது என்று சமயம் பார்த்து வரும். இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு எது அதிகம் தொல்லை தருகிறதோ அதை முதலில் கவனிப்பது வழக்கம்.

பதற்றத்துக்கான பேச்சுச் சிகிச்சையின் உயிர்நாடி, பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொள்வது. கவனம் நிலைக்காத பிள்ளைக்கு அந்தப் படிகளைச் சிறிதாக்கி, எழுதியும் கொடுக்க வேண்டும். வகுப்பில் கைதூக்க அஞ்சுகிறவள் முதலில் டீச்சரிடம் தனியாக ஒரு கேள்வி கேட்கட்டும். மறுவாரம் தோழி பக்கத்தில் இருக்கும்போது கேட்கட்டும்.