எந்த அறைக்கு எந்தக் கலர்?

பொங்கல் வருதுன்னா நம்ம பரளச்சியில வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பு நடக்கும். இப்போ பலரும் சுண்ணாம்புக்குப் பதிலா பெயின்ட் அடிக்கிறாங்க. கலர் அட்டையைப் பார்த்து மட்டும் வாங்கலாமா? கூடாது! முதலில் அறையைப் பார்க்க வேண்டும்.

வெளிர் நிறம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அடர்நிறம் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஒரே சன்னல் உள்ள அறைக்கு வெள்ளை, சந்தனநிறம், இளமஞ்சள் நல்லது. மேல்தளத்துக்கு வெள்ளைதான் சிறந்தது.

அழுக்குத் தெரியாதுன்னு எங்க அம்மா அடர்நீலம் கேட்டாங்க. நான் படிக்கிற அறையாச்சே, பகல்லயே லைட் போடணுமேன்னு சொன்னேன். கடைசியில் இடுப்பு உயரம் வரை நீலம், அதற்கு மேல் சந்தனநிறம் என்று முடிவானது.

இன்னொரு முக்கியமான விஷயம். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு நிறத்துக்காக முன்பு பெயின்ட்டில் ஈயம் சேர்ந்த நிறமிகளைக் கலந்தார்கள். ஈயம் தூசியாக உடம்புக்குள் போனால் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கும். எனவே மத்திய அரசு 2016-இல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் முதல் தயாரிக்கும் வீட்டு பெயின்ட்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இது டப்பாவிலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

பழைய கதவு, சன்னலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்க. தம்பி தங்கச்சிகளைப் பக்கத்துல விடாதீங்க.

கலரைப் பார்ப்போம், டப்பாவையும் படிப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி