வளர்ப்பில் நேர்ந்த பிழையா?

தம் பிள்ளை திருநங்கை அல்லது திருநம்பி என்று அறிந்து எங்களிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது சிகிச்சையைப் பற்றியல்ல. தாங்கள் எங்கே தவறினோம் என்பதையே. கருவுற்றிருந்தபோது உட்கொண்ட மாத்திரை, குழந்தைப் பருவத்தில் மகனுக்குப் பூச்சூட்டிப் பாவாடை கட்டி எடுத்த புகைப்படம் என ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்து அவர்களை வருத்துகிறது. அத்தகைய புகைப்படம் நம் வீடுகள் பலவற்றிலும் உண்டு. அதனால் எவருடைய பாலினமும் மாறிவிடுவதில்லை.

கருவின் முதல் ஆறு வாரங்கள் வரை ஆண், பெண் இருபாலாருக்கும் இனப்பெருக்க உறுப்புகளின் தொடக்க அமைப்பு ஒன்றே. பின்னர், ஒய் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணு செயற்பட்டால் விதைகள் உருவாகி டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. பிறப்புறுப்பு ஆண் வடிவம் பெறுகிறது. மூளையின் மீது ஹார்மோன்களின் தாக்கமோ கர்ப்பத்தின் பிற்பகுதியிலும் தொடர்கிறது. இவ்விரண்டும் வெவ்வேறு காலங்களில் நிகழ்வதால் வெவ்வேறு திசையிலும் செல்லக்கூடும் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இது வலுவான கருதுகோள்; இன்னும் நிறுவப்பட்ட முடிவன்று.

இரட்டையரைப் பற்றிய தரவுகளை எங்களுக்கு மிகவும் பயனுள்ளவையாகக் கருதுகிறோம். ஒருவரேனும் பாலின மாறுபாடு உடையவராக இருந்த இரட்டையர் பற்றிய பதிவுகளை 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு தொகுத்தது. ஒரே கருமுட்டையில் தோன்றிய 23 இணைகளுள் 9 இணைகளில் இருவருமே அவ்வாறு இருந்தனர். இரு கருமுட்டைகளில் தோன்றிய ஒரே பாலின இணைகள் 21இல் ஒன்றில்கூட அவ்வாறில்லை. இவர்களும் ஒரே வயதில் ஒரே வீட்டில் வளரும் பிள்ளைகளே. வளர்ப்புதான் காரணம் எனில், இவ்வளவு வேறுபாடு ஏன்? எனினும் எஞ்சிய 14 இணைகள், மரபணு மட்டுமே முழுக் காரணமன்று என்பதையும் உணர்த்துகின்றன. எண்ணிக்கை சிறிது என்பதையும் மறத்தலாகாது.

1995இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் திருநங்கையர் அறுவரின் மூளையில் ஒரு சிறு பகுதி பெண்களுடையதை ஒத்த அளவில் இருந்ததாக அறிவித்தனர். அவர்கள் ஹார்மோன் மருந்து எடுத்துக்கொண்டவர்கள் என்பதால் அதன் பொருள் இன்றும் விவாதத்துக்குரியது. ஆகவே, ஸ்கேன் எடுத்தோ இரத்தத்தைச் சோதித்தோ இதனை உறுதிசெய்ய இயலாது. அவ்வாறு கூறிப் பணம் கேட்போரை நம்ப வேண்டாம்.

'மாற்றிவிடுகிறோம்' என்று முன்வருவோரிடமும் அழைத்துச் செல்ல வேண்டாம். அத்தகைய மாற்றுச் சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் மருத்துவரின் தொழில்முறைத் தவறாக அறிவித்துள்ளது. உலக சுகாதார நிறுவனமும் பாலின மாறுபாட்டை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பிள்ளைக்கு உறக்கம் குறைந்தாலோ, உணவில் நாட்டம் அற்றாலோ, சாவைப் பற்றிய பேச்சு எழுந்தாலோ, அன்றே எங்கள் மனநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். மருத்துவரிடம் சற்று நேரம் தனியே பேச விடுங்கள்.