குழந்தைகளும் கல்லடைப்பும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் அமைந்துள்ளன. மலையின் மழைமறைவுப் பகுதி ஆதலால் இங்கு வெயில் மிகுதி. வெயிலில் விளையாடும் குழந்தையின் உடல், நீரை வியர்வையாக இழக்கிறது. போதிய நீர் அருந்தாவிடில் சிறுநீர் குறைந்து அடர்த்தியாகிறது. அப்போது அதில் கரைந்துள்ள கால்சியம், ஆக்சலேட் முதலியன படிகங்களாகித் திரண்டு கல்லாகின்றன. இதனையே முன்னோர் கல்லடைப்பு என்றனர்.

இந்நோய் பெரியவர்களுக்கு மட்டுமே உரியதன்று. பிறவியிலேயே அமைந்த வளர்சிதைமாற்றக் குறைபாடு, சிறுநீர்ப் பாதையின் அமைப்புக் குறை, நோய்த்தொற்று ஆகியவற்றால் குழந்தைகளுக்கும் இது தோன்றும். உணவுக் கலப்படமும் காரணமாகலாம். 2008இல் சீனாவில் மெலமைன் கலந்த பால்மாவை உண்ட ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர், அவர்களுள் பலருக்குச் சிறுநீரகக் கல் உண்டாயிற்று, அறுவர் உயிரிழந்தனர்.

அறிகுறிகள்

பெரியவர்கள் விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்குப் பரவும் வலியைத் தெளிவாகக் கூறுவர். சிறுகுழந்தையோ தொப்புளைச் சுட்டி அழும். கைக்குழந்தை வாந்தி எடுத்து வீறிடும். செரியாமை என்றோ உடற்சூடு என்றோ கருதிக் காலம் தாழ்த்துவது இதனாலேயே நேர்கிறது.

எப்போது அவசரம்?

கல் சிறுநீர்க்குழாயை அடைத்தால், வெளியேற இயலாத சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். அத்தேக்கத்தில் கிருமி பெருகினால் தொற்று குருதியில் கலந்து, சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஊறு நேரலாம். ஆகவே வலியுடன் காய்ச்சலோ நடுக்கமோ இருத்தல், சிறுநீர் வெளியேறாமை, ஓயாத வாந்தி, சிறுநீரில் குருதி ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் உடனே மருத்துவமனையை நாட வேண்டும். மிகுதியாக நீர் புகட்டிக் கல்லைத் தள்ளிவிடலாம் எனக் காத்திருத்தல் கூடாது. தாமாக வலிமாத்திரை தருதலும் தவறு. குழந்தை இறுதியாகச் சிறுநீர் கழித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் தெரிவித்தல் நன்று.

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 அவசர ஊர்திச் சேவை கட்டணமின்றி இயங்குகிறது. இவ்விரு நகரங்களிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. உயர் சிகிச்சை தேவைப்படின் 2022இல் தொடங்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும், மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையும் உள்ளன. குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு இல்லாத மீயொலிச் சோதனையே முதலில் செய்யப்படும். தொற்றுடன் கூடிய அடைப்புக்கு மருந்து மட்டும் போதாது. மெல்லிய குழாய் செலுத்தித் தேங்கிய சிறுநீரை வடித்தல் வேண்டும். கல்லை அகற்றுதல் அதன் பின்னரே.

வருமுன் காத்தல்

பெரும்பாலான கற்களில் கால்சியம் இருப்பதால் பாலை நிறுத்த வேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். பால்கோவாவுக்குப் புகழ்பெற்ற திருவில்லிபுத்தூரில் இதனைத் தெளிவாக அறிதல் தகும். உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிணைத்து வெளியேற்ற உதவுகிறது. எனவே மருத்துவர் கூறாமல் பாலை நிறுத்தலாகாது. குறைக்க வேண்டியது உப்பும் உப்பு மிகுந்த நொறுக்குத் தீனியுமே ஆகும்.

தூய்மையற்ற கழிப்பறைக்கு அஞ்சி, பள்ளிநேரம் முழுவதும் நீர் அருந்தாதிருக்கும் மாணவியர் பலர். அவர்களிடம் நீர் அருந்துமாறு அறிவுறுத்துவது மட்டும் பயன் தராது. குடிநீரும் தூய கழிப்பறையும் ஒருசேர அமைந்த பள்ளியே குழந்தைகளின் சிறுநீரகங்களைக் காக்கும்.