உங்களுக்குத் தெரியுமா? லினக்ஸில் ‘பைத்தான்3’ ஒரு சுட்டிதான்!

உபுண்டு லினக்ஸில் பைத்தான் நிரல்மொழியை இயக்க ‘பைத்தான்3’ என்று தட்டும்போது இயங்குவது ஒரு சுட்டி. உண்மையான நிரல் அது காட்டும் இடத்தில் இருக்கிறது. உபுண்டு 20.04-இல் அந்தச் சுட்டி 3.8 பதிப்பைக் காட்டும்.

புதிய பதிப்பு வேண்டுமென்று சுட்டியைத் திருப்பிவிட்டால், டெர்மினல் சாளரமே திறக்காமல் போகலாம். மென்பொருள் நிறுவும் கருவிகள் சிலவும் முடங்கலாம். காரணம், டெர்மினலைத் திறக்கும் சிறு நிரலும் பைத்தானில் எழுதப்பட்டதே. அதற்குத் தேவையான, பழைய பதிப்புக்கென்றே தொகுத்த துணைநிரல்கள் புதியதில் இயங்குவதில்லை.

தீர்வு எளிது: கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குச் சென்று, சுட்டியைப் பழைய பதிப்புக்கே திருப்புங்கள். புதிய பதிப்பைத் தனியாக நிறுவி, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ‘வெர்ச்சுவல் என்விரான்மென்ட்’ (தனிப் பைத்தான் சூழல்) அமையுங்கள். கணினியின் பைத்தானைக் கணினிக்கே விட்டுவிடுங்கள்!